பாட வீடியோ எடிற் பண்ணும்போது வரும் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடித்தல்

துணுக்காயில் இருந்து கேட்டாலும் நெடுங்கேணியில் இருந்து கேட்டாலும், பாட வீடியோ செய்யப் பழகும் ஆசிரியர்களின் கேள்வி "சேர், எந்த பட்டனை அமத்த வேணும்?" என்றுதான் முடிகிறது. பட்டனைத் தேட முதல், கோளாறு எங்கே தொடங்கியது என்று பார்க்க வேணும். போனில் எடுத்தபோதா, கிளிப்புகளை அடுக்கும் ரைம்லைனில் வைத்தபோதா, முடிந்த வீடியோவாக வெளியே எடுக்கும் எக்ஸ்போர்ட்டைப் பண்ணியபோதா, கடைசியில் போட்டுக் காட்டும் ரிவியிலா? இடம் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அதற்கு ஒரு சோதனை போதும். போனில் எடுத்த மூல வீடியோவை அதே கணினியில் விஎல்சி பிளேயரில் போட்டுப் பாருங்கள். அங்கேயே பிழை தெரிந்தால் எடிற்றிங் சொஃப்ட்வெயாரில் குற்றமில்லை. விஎல்சியில் நன்றாக ஓடி ரைம்லைனில் மட்டும் குழம்பினால் புரொஜெக்ட் செற்றிங்ஸில் பாருங்கள். ரைம்லைனில் சரி, வெளியே வந்த ஃபைல் பிழை என்றால் எக்ஸ்போர்ட். அந்த ஃபைலும் கணினியில் சரி, வகுப்பறையில் மட்டும் பிழை என்றால் ரிவி அல்லது பென்ட்ரைவ்.

கீழே ஷொட்கட் என்ற எடிற்றிங் சொஃப்ட்வெயாரை வைத்தே சொல்கிறேன். இலவசம், இணையம் இல்லாமலே வேலை செய்யும், வின்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். கேடன்லைவ், ஓபன்ஷொட் பாவிப்பவர்களுக்குப் பெயர்கள் கொஞ்சம் மாறும், காரணங்கள் மாறாது. ஆய்வுகூடத்துக் கணினியில் இன்ஸ்டோலே ஆகவில்லை என்றால் வின்டோஸ் 32-பிட்டா, 7-ஆ என்று பாருங்கள். புதிய ஷொட்கட்டுக்கு 64-பிட் வின்டோஸ் 10 ஆவது வேணும். பழைய மூவி மேக்கரைத் தேடி இறக்க வெளிக்கிட வேண்டாம். மைக்ரோசொஃப்ட் 2017 ஜனவரியோடு அதை நிறுத்திவிட்டது, அந்தப் பெயரில் கிடப்பவற்றில் வைரஸோடு வருவதும் உண்டு. டாவின்சி ரிசொல்வ் அருமையான சாமான்தான், ஆனால் 4 ஜிபி ரம் உள்ள கணினியில் அதைப் போட்டால் அது திறந்து முடிய பாடவேளையும் முடிந்துவிடும்.

"போட்டதும் திக்கித் திக்கி ஓடுது"

முதலில் ஃபைல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பென்ட்ரைவில் இருந்தோ போன் வயரில் இருந்தோ நேரே இழுத்து ரைம்லைனில் போட்டிருந்தால், கணினியின் ஹார்ட் டிஸ்குக்குக் கொப்பி பண்ணிவிட்டுத் திரும்பத் தொடங்குங்கள்.

அப்படியும் திக்கினால், செற்றிங்ஸ் மெனுவில் பிரிவியூ ஸ்கேலிங்கை 360பி ஆக்குங்கள். எடிற் பண்ணும்போது தெரியும் படம் மட்டும்தான் மங்கும், வெளியே வரும் வீடியோ முழுத் தரத்தில் இருக்கும். அதுவும் போதாவிட்டால் அதே மெனுவில் புரொக்ஸியை ஒன் பண்ணுங்கள். ஒவ்வொரு கிளிப்புக்கும் ஒரு சின்னப் பிரதியைச் சொஃப்ட்வெயார் தானே செய்து, வேலைக்கு அதைப் பாவித்து, எக்ஸ்போர்ட்டுக்கு மூலத்தை எடுக்கும். பிரதி செய்ய நேரம் எடுக்கும். ஜொப்ஸ் பகுதியில் எல்லாம் முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

விஎல்சியிலேயே திக்கினால் கதை வேறு. இப்போதைய போன்கள் பல இடத்தை மிச்சம் பிடிக்க எச்.265 முறையில் பதிவு செய்கின்றன. ஃபைல் சின்னதாக இருக்கும், ஆனால் அதை விரித்துக் காட்டப் பழைய கணினிக்கு மூச்சு வாங்கும். கமரா செற்றிங்ஸில் அந்தத் தெரிவை நிறுத்தினால் அடுத்த முறை எச்.264 ஆக வரும். ஏற்கெனவே எடுத்ததை ஹான்ட்பிரேக் என்ற இலவசச் சொஃப்ட்வெயாரில் எச்.264 ஆக மாற்றலாம். இன்னொன்று, கரும்பலகையைக் காட்ட 4கே தேவையில்லை. 1080பி தாராளம்.

"வாய் ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம்"

அதிகம் ஆட்களை அலைக்கழிப்பது இதுதான். எல்லாரும் ஒரே கோளாறு என்று நினைப்பார்கள், உள்ளே மூன்று இருக்கிறது. எது உங்களுடையது என்று பிரித்தறியத் தொடக்கத்தில் ஒரு இடம், நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று போட்டுப் பாருங்கள்.

தொடக்கத்தில் சரியாக இருந்து, போகப் போக விலகிக்கொண்டே போனால் போனின் ஃபிரேம் வேகம் மாறிக்கொண்டிருந்திருக்கிறது. செக்கனுக்கு 30 படம் என்று போன் சொன்னாலும், வெளிச்சம் குறைந்தாலோ சூடேறினாலோ படங்களைக் குறைத்துக்கொள்ளும். சத்தம் தன்பாட்டில் ஒரே வேகத்தில் பதிவாகும். எல்லாச் செக்கனிலும் 30 படம் இருக்கிறது என்று நம்பிச் சொஃப்ட்வெயார் அடுக்கப் போகத்தான் விலகல் வருகிறது. ஜன்னலைச் சாத்திய இருட்டு வகுப்பறையில் எடுத்த நீளப் பாடங்களில் இது கட்டாயம் தலைகாட்டும்.

இதை ரைம்லைனில் சத்தத்தைத் தள்ளித் தள்ளிச் சரிசெய்ய முயலாதீர்கள். ஒரு இடம் பொருந்த மற்ற இடம் விலகும். மூலத்தைத்தான் மாற்ற வேணும். ஹான்ட்பிரேக்கில் வீடியோ பகுதியில் ஃபிரேம்ரேற்றை 30 ஆக்கி, கீழே "கொன்ஸ்ரன்ற்" என்பதைத் தெரிவு செய்து மாற்றுங்கள். ஷொட்கட்டே இப்படியான கிளிப்பைக் கண்டால் எடிற்றுக்கு ஏற்றதாக மாற்றட்டுமா என்று கேட்கும். பலர் வாசிக்காமல் மூடிவிடுவது அந்தப் பெட்டியைத்தான். அதில் மூன்று தரம் இருக்கும். ஆய்வுகூடக் கணினிக்கு முதலாவதே போதும். மற்ற இரண்டும் டிஸ்கை நிரப்பிவிடும்.

தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவில் பிந்தினால், சத்தத்தை வேறு போனில் பதிந்து சேர்த்திருப்பீர்கள். ஓடியோவைப் பிரித்து ஒரு தடவை நகர்த்தினால் சரி. பதிவு தொடங்கும்போது கமராவுக்கு முன்னால் ஒரு தரம் கையைத் தட்டினால், சத்த அலையில் எழும் கூர்முனையையும் கை சேரும் படத்தையும் பொருத்துவது ஒரு நிமிட வேலை.

மூன்றாவது உண்மையில் ஒரு கோளாறே அல்ல. புளூடூத் ஹெட்செற்றில் கேட்டுக்கொண்டு எடிற் பண்ணினால் சத்தம் பிந்தித்தான் காதுக்கு வரும். வயர் உள்ள இயர்போனில் கேட்டுப் பாருங்கள். சரியாக இருந்தால் ஒன்றையும் தொடாதீர்கள். புளூடூத்தில் கேட்டு "திருத்திய" வீடியோ மற்ற எல்லா இடத்திலும் பிழையாக ஓடும்.

"படம் நெட்டுக்கு நிக்குது, இரண்டு பக்கமும் கறுப்பு"

ஷொட்கட்டில் வீடியோ மோட் தானியங்கியில் இருந்தால், முதலில் போடும் கிளிப்பின் வடிவம் முழுப் புரொஜெக்டுக்கும் வடிவமாகிவிடும். அந்த முதல் கிளிப்பை யாரோ போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்திருக்கிறார்கள். செற்றிங்ஸ், வீடியோ மோட், எச்டி 1080பி 30 என்று முதலே தெரிவு செய்துவிட்டுக் கிளிப்பைப் போடுங்கள். நிமிர்த்தி எடுத்த கிளிப்பை அகலத்துக்கு இழுத்து நிரப்பாதீர்கள், ஆட்கள் பூசணிக்காய் ஆகிவிடுவார்கள். பக்கத்தில் இருக்கும் வெறும் இடத்தில் பாடக் குறிப்பை எழுதுங்கள்.

"தமிழ் எழுத்து உடைஞ்சு வருது"

எப்படி உடைகிறது என்பதைப் பொறுத்துத்தான் மருந்து.

ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒன்றும் விளங்காமல் வந்தால், நீங்கள் ஒட்டியது பாமினி. எங்கள் பாடசாலைகளில் வினாத்தாள், குறிப்பு, அழைப்பிதழ் என்று பழைய ஃபைல்கள் பாமினியில்தான் குவிந்து கிடக்கின்றன. பாமினி உண்மையில் ஆங்கில எழுத்துக்குத் தமிழ் முகமூடி போட்ட எழுத்துரு. எழுத்துரு மாறினால் முகமூடி கழன்றுவிடும். தலைப்பு எழுதும் ரைட்டில் பெட்டியிலும் பாமினியைத் தெரிவு செய்தால் தமிழாகத் தெரியும்தான். ஆனால் அதே பெட்டியில் ஒரு ஆங்கிலச் சொல்லோ சூத்திரமோ எழுதினால் அது கண்டபடி தமிழாக மாறும். பாமினி இல்லாத கணினியில் அந்தப் புரொஜெக்டைத் திறந்தாலும் பழைய கதைதான். இணையத்தில் இருக்கும் மாற்றி ஒன்றில் போட்டு யூனிகோட் ஆக்கிவிடுங்கள். விரல் பாமினிக்குப் பழகிவிட்டது, புதிசாய்ப் பழக ஏலாது என்பவர்களுக்கும் வழி உண்டு. ஈ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் இரண்டிலும் பாமினி விசைப்பலகையைத் தெரிவு செய்தால், அடிப்பது பழைய மாதிரி, வருவது யூனிகோட்.

எழுத்தெல்லாம் தமிழ்தான், ஆனால் கொம்பு வேறு, கால் வேறு, நடுவில் புள்ளி வைத்த வட்டம் ஒன்று என்று சிதறினால் அது வேறு நோய். அந்தச் சொஃப்ட்வெயாருக்கோ, அதில் நீங்கள் எடுத்த ரெம்பிளேற்றுக்கோ, தமிழ் எழுத்தைக் கூட்டத் தெரியவில்லை. முதலில் எழுத்துருவை மாற்றுங்கள்: நிர்மலா யூஐ, லதா, நோட்டோ சான்ஸ் தமிழ். அதற்கும் சரிவராவிட்டால் சண்டை பிடிக்காமல் பவர்பொயின்டுக்குப் போங்கள். அங்கே எழுதி, எழுத்துப் பெட்டியில் வலது கிளிக் பண்ணிப் படமாகச் சேமிக்கும் தெரிவில் பிஎன்ஜி ஆக எடுத்தால் பின்னணி இல்லாமல் எழுத்து மட்டும் வரும். அதை ரைம்லைனின் மேல் ட்ராக்கில், அதாவது மேல் வரிசையில், வையுங்கள். கனகராயன் ஆறு இரணைமடுவுக்கு வந்து சேரும் வழியை அம்புக்குறியோடு காட்ட வேணும் என்றால், நான் தொடக்கத்திலேயே பவர்பொயின்ட்தான். எடிற்றரின் ரைட்டில் பெட்டியில் வரைபடக் குறிப்பு எழுதுவது வீண் மினக்கேடு.

ஒருமுறை எக்ஸ்போர்ட் ஆகிவிட்டால் எழுத்து படமாகிவிடும். பிறகு எந்தக் கணினியில் போட்டாலும் உடையாது.

"நேற்று இருந்த கிளிப் இன்றைக்கு இல்லை"

புரொஜெக்ட் ஃபைலுக்குள் வீடியோ இல்லை. எந்த ஃபோல்டரில் எந்த ஃபைல் என்ற முகவரி மட்டும்தான் இருக்கிறது. ஃபோல்டரின் பெயரை மாற்றினாலோ, புரொஜெக்ட் ஃபைலை மட்டும் பென்ட்ரைவில் வீட்டுக்குக் கொண்டுபோனாலோ முகவரி பிழையாகிவிடும். ஒரு பாடத்துக்கு ஒரு ஃபோல்டர் போட்டு, வீடியோ, ஓடியோ, படம், புரொஜெக்ட் ஃபைல் எல்லாவற்றையும் முதலே அதற்குள் வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கொண்டுபோவதென்றால் முழு ஃபோல்டரையும் கொண்டுபோங்கள். ஏற்கெனவே தொலைந்ததற்கு, ஷொட்கட் திறக்கும்போது காணாமற்போன ஃபைல்களின் பட்டியலைத் தரும். ஒன்றைக் காட்டிக்கொடுத்தால் அதே ஃபோல்டரில் மிச்சத்தையும் தேடும். கேடன்லைவில் புரொஜெக்டை ஆர்க்கைவ் பண்ணும் வசதி இருக்கிறது, எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்துத் தரும்.

"ஒரு இடத்தில வெட்டினன், பின்னால எல்லாம் குழம்பிட்டுது"

எக்ஸ் விசையால் அழித்தால் இடைவெளி மூடும், பின்னால் இருப்பது முன்னே வரும். இசட் விசையால் தூக்கினால் இடைவெளி அப்படியே இருக்கும். வீடியோ ட்ராக்கில் எக்ஸை அடித்ததும் அந்த ட்ராக் மட்டும் முன்னே வந்து, மேல் ட்ராக்கில் இருந்த தலைப்புகள் பழைய இடத்திலேயே நிற்பதுதான் குழப்பம். எல்லா ட்ராக்கும் சேர்ந்து நகரும் ரிப்பிள் தெரிவை ஒன் பண்ணிவிட்டு வெட்டுங்கள். இதைவிட நல்ல பழக்கம், வெட்டும் வேலை முழுவதையும் முதலில் முடித்துவிட்டுத் தலைப்புக்கும் இசைக்கும் போவது.

"சத்தம் தெளிவில்லை"

தகரக் கூரையில் ஐப்பசி, கார்த்திகை மழை விழும்போது பதிந்ததா? திரும்பப் பதியுங்கள். மழை இரைச்சல் குரல் இருக்கும் அலைவரிசைகள் முழுவதிலும் பரவிக் கிடக்கும், அதைப் பிரித்தெடுத்தால் குரலும் சேர்ந்து போய்விடும். மயில் கத்தினால், லான்ட்மாஸ்ரர் ஒழுங்கையால் போனால், நிறுத்தி அந்த வசனத்தை மட்டும் இன்னொரு தரம் சொல்லுங்கள். வெட்டி எடுப்பது லேசு.

ஃபான், மின் இரைச்சல் மாதிரி ஒரே சீராக வருவதற்கு வழி இருக்கிறது. ஹை பாஸ் ஃபில்டரை 100 ஹேர்ட்ஸ் அளவில் வைத்தால் அடி முழக்கம் போகும். மிச்சத்துக்கு ஓடாசிற்றி என்ற சத்தம் திருத்தும் சொஃப்ட்வெயார். அதில் நொய்ஸ் ரிடக்ஷனுக்குப் பேச்சில்லாத ஒரு துண்டை மாதிரிக்குக் கொடுக்க வேணும், அதற்காகப் பேசத் தொடங்க முன் இரண்டு செக்கன் சும்மா நில்லுங்கள். கூடக் கழித்தால் குரல் தகர டப்பாவுக்குள் இருந்து வருவது போலாகும். சோளகம் மைக்கில் அடித்த சத்தத்தை எந்த ஃபில்டரும் முழுதாக எடுக்காது. மைக்கில் பஞ்சு உறை போட்டு, காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள்.

எல்லா ஃபில்டரையும்விட உதவுவது மைக்கைக் கிட்டக் கொண்டுவருவது. வாங்கக் காசில்லையா? இரண்டாவது போன் ஒன்றில் ரெக்கோர்டரை ஓடவிட்டுச் சட்டைப் பையில் வையுங்கள், கடைசி வாங்கில் இருக்கும் கமராவின் மைக்கைவிட எவ்வளவோ மேல்.

ஒரு காதில் மட்டும் கேட்டால் கொப்பி சனல் என்ற ஃபில்டரைப் போடுங்கள், சத்தம் மற்றப் பக்கத்துக்கும் போகும். கொலர் மைக்கைச் செருகியும் போன் கண்டுகொள்ளவில்லை என்றால் பின்னைப் பாருங்கள். போனுக்கு மூன்று கறுப்பு வளையம் இருக்க வேணும். இரண்டு இருந்தால் அது கமராவுக்கானது, இடையில் ஒரு அடப்ரர் தேவை.

"வீடியோவில கறுப்புப் பட்டி ஓடுது"

ரியூப்லைற்றின் வேலை. எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், விளக்கு செக்கனுக்கு 100 தடவை மினுங்குகிறது. கமராவின் ஷட்டர் 1/60 இல் இருந்தால் இரண்டும் ஒத்துவராது. கமராவின் ப்ரோ மோட்டில் ஷட்டரை 1/50 அல்லது 1/100 ஆக வையுங்கள், அல்லது ஃப்ளிக்கர் தெரிவை 50 ஆக்குங்கள். எடுத்து முடித்த வீடியோவில் இதை அழிக்கப் பாடுபடுவதைவிட, விளக்கை அணைத்து ஜன்னல் வெளிச்சத்தில் திரும்ப எடுப்பது கெதியாக முடியும்.

"எக்ஸ்போர்ட் பாதியில கரண்ட் போட்டுது"

2022 இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்த காலத்தை யாரும் மறக்கவில்லை. இப்போது அப்படியில்லை, என்றாலும் மாரியில் ஒரு மரக்கொப்பு லைனில் விழுந்தால் போதும்.

பாதியில் நின்ற எம்பி4 திறக்காது. எந்தப் படம் எங்கே என்ற அட்டவணையைச் சாதாரணமாகக் கடைசியில்தான் எழுதும், அது எழுதப்படவே இல்லை. அந்த ஃபைலை அழித்துவிட்டுத் திரும்ப எக்ஸ்போர்ட் பண்ணுங்கள், புரொஜெக்ட் பத்திரமாக இருக்கும். சேமிக்காமல் போனதென்றால் ஷொட்கட்டைத் திறந்ததும் தானாகச் சேமித்த பிரதியை மீட்கவா என்று கேட்கும், ஓம் என்று கொடுங்கள். 40 நிமிடப் பாடத்தை நாலு துண்டாக எக்ஸ்போர்ட் பண்ணினால் இழப்பு ஒரு துண்டோடு நிற்கும். பிள்ளைகளும் 40 நிமிடத்தை ஒரேயடியாகப் பார்ப்பதில்லை.

ஓபிஎஸ்ஸில் திரையைப் பதிபவர்கள் எம்கேவி ஆகவே பதியுங்கள். கரண்ட் போனாலும் அதுவரை பதிந்தது ஓடும். பிறகு ஓபிஎஸ்ஸிலேயே ரீமக்ஸ் பண்ணி எம்பி4 ஆக்கலாம்.

"வட்ஸ்அப்பில அனுப்பினால் எழுத்து வாசிக்கேலாது"

வீடியோவாக அனுப்பினால் வட்ஸ்அப் அதை நசுக்கித்தான் அனுப்பும். டொக்கியூமென்ராக இணைத்தால் உள்ளபடி போகும், 2 ஜிபி வரை. ஆனால் மறுமுனையில் டேற்றா போட்டு இறக்குவது ஒரு பெற்றோர். அளவை முதலே கணக்குப் பாருங்கள்: பிற்றேற்றை, அதாவது ஒரு செக்கனுக்கு எத்தனை மெகாபிற் என்பதை, செக்கன்களால் பெருக்கி 8 ஆல் வகுத்தால் மெகாபைற். செக்கனுக்கு 2 மெகாபிற் என்றால் 10 நிமிடத்துக்கு 150 எம்பி. 480பி, ஓடியோவும் சேர்த்து 0.86 மெகாபிற் என்றால் ஏறக்குறைய 65 எம்பி. அசையாத ஸ்லைட்டும் குரலும் உள்ள பாடத்துக்கு இரண்டாவது தாராளமாகக் காணும், எழுத்தைப் பெரிதாகப் போட்டிருந்தால். ஒரு ஸ்லைட்டில் ஆறு வரிக்கு மேல் போனால் கைபேசியில் அது எறும்பு ஊர்வலம்தான்.

"கணினியில ஓடுது, வகுப்பு ரிவியில ஓடுதில்லை"

சத்தம் வந்து படம் வராவிட்டால் ஃபைல் எச்.265 ஆக வெளியே வந்திருக்கும். படம் வந்து சத்தம் வராவிட்டால் ஓடியோ முறை பிழை. எம்பி4, எச்.264, ஏஏசி மூன்றும் சேர்ந்தால் ஏறக்குறைய எந்த ரிவியிலும் ஓடும். பென்ட்ரைவில் ஃபைல் ஏறவே மறுத்து, அது 4 ஜிபிக்கு மேல் என்றால் பென்ட்ரைவ் ஃபற்32 என்ற பழைய ஃபோர்மற்றில் இருக்கிறது. எக்ஸ்ஃபற்றுக்கு மாற்றலாம், சில பழைய ரிவிகள் அதை வாசிக்காது, ஃபைலைச் சின்னதாக்குவதே நல்லது. ஃபைல் பெயர் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் பெயரை ஆங்கில எழுத்தில் வையுங்கள். ஓரத்து எழுத்து வெட்டுப்பட்டால் ரிவியின் படச் செற்றிங்ஸில் திரைக்கு அளவாக்கும் தெரிவைத் தேடுங்கள். அடுத்த வீடியோவில் ஓரத்தை விட்டு உள்ளே எழுதுங்கள்.

"யூரியூப்பில போட்டதும் உரிமை என்று வருது"

பின்னணிக்குச் சினிமாப் பாட்டுப் போட்டிருந்தால் காரணம் கேட்கத் தேவையில்லை. போடாமலே வந்தால் பதிந்த நாளை யோசியுங்கள். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலை ஒட்டி ஊரெல்லாம் ஒலிபெருக்கி கட்டியிருக்கும்போது பதிந்தால், உங்கள் குரலுக்குப் பின்னால் மெல்லக் கேட்கும் பாட்டையும் யூரியூப்பின் இயந்திரம் பிடித்துவிடும். பயப்பட வேண்டாம். உரிமை கோரல் வேறு, தண்டனை வேறு. பெரும்பாலும் வீடியோ இருந்தபடி இருக்கும், விளம்பரக் காசு மட்டும் பாட்டுக்காரருக்குப் போகும். சில வேளை சில நாடுகளில் தெரியாமற் போகும். யூரியூப் ஸ்ரூடியோவில் அந்தத் துண்டை வெட்டவோ, பாட்டை மட்டும் அமத்தவோ வழி உண்டு. இசை வேணும்தான் என்றால் யூரியூப்பின் ஓடியோ லைப்ரரியில் இலவசமாக இருக்கிறது. பாடம் சொல்லும்போது பின்னால் இசை எதற்கு என்பது என் கட்சி. தலைப்புக்கு ஐந்து செக்கன் போட்டு, பேசத் தொடங்க முன் நிறுத்திவிடுங்கள்.